பொருளியலுக்கு முன் கணிதம்: மேல்படிப்புக் கனவும் பதினொன்றாம் வகுப்பும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் முதுகலை ஆசிரியராகப் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு ஒரு மாலையில் என் பழைய மாணவி ஒருத்தி பள்ளிக்கு வந்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள சிற்றூரைச் சேர்ந்தவள். அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. பொருளியலை முதல் வகுப்பில் முடித்திருந்தாள். “சார், வெளிநாட்டுல எம்.எஸ்சி. எகனாமிக்ஸ் படிக்கணும். முடியுமா?” என்று கேட்டாள்.

இருவரும் உட்கார்ந்து நான்கைந்து பல்கலைக்கழகங்களின் சேர்க்கைத் தகுதிகளைப் படித்தோம். எல்லாவற்றிலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், புள்ளியியல் ஆகியவற்றைப் படித்திருக்க வேண்டும். அவள் பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவள். கல்லூரியில் படித்தது ஒரே ஒரு புள்ளியியல் தாள். “நீங்கதானே சார், கணக்கு வேணாம், வரலாறு குரூப்பே எடுத்துக்கோன்னு சொன்னீங்க” என்றாள். குறையாகச் சொல்லவில்லை; நினைவுபடுத்தினாள். ஆனால் அது உண்மை. தேர்ச்சி எளிதாகட்டும் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். என்னைப் போல் சொன்னவர்கள் நம்மில் பலர் இருப்போம் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் படிப்புகளின் வேறுபாட்டை நாம் தெளிவாக அறிய வேண்டும். அவளுடைய ஊரில் மரவள்ளி பயிராகிறது. அறுவடைக் காலத்தில் கிழங்கு விலை ஏன் இறங்குகிறது, முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே விற்க வேண்டிய நிலை விலையை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்வது பொருளியல். சேகோ ஆலை ஒன்று விரிவாக்கத்துக்குக் கடன் வாங்கலாமா, பங்கு வெளியிடலாமா, அதில் உள்ள இடர் எவ்வளவு என்று கணக்கிடுவது நிதியியல். முன்னது ஆராய்ச்சி, கொள்கை வகுத்தல், கற்பித்தல் ஆகிய பணிகளுக்கும், பின்னது வங்கி, முதலீட்டு நிறுவனங்களுக்கும் கொண்டு செல்லும். இரண்டுக்கும் கணிதம் வேண்டும். வளர்ச்சி ஆய்வியல் என்ற மூன்றாவது படிப்பில் கணிதம் குறைவு. களப்பணியும் எழுத்தும் அதிகம். எம்.பி.ஏ. இவற்றிலிருந்து வேறானது, நல்ல கல்வி நிறுவனங்கள் பல அதற்குப் பணி அனுபவம் கேட்கும்.

மாணவரிடம் “எந்த நாடு?” என்று கேட்பதற்கு முன் “எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறாய்?” என்று கேட்கலாம். அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்று பொருளியல் படித்தார். 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றவர். 1920களின் இறுதியில் அதே கொலம்பியாவில் பொது நிதியியல் படித்தார். இருவருக்கும் பேராசிரியராக இருந்தவர் செலிக்மன். இந்தியாவின் வறுமைக்கும் அரசின் வரி, செலவு முறைக்கும் உள்ள தொடர்பைக் குமரப்பா அங்கே ஆராய்ந்தார். திரும்பி வந்து குஜராத்தின் மாத்தர் வட்டத்தில் கிராமம் கிராமமாகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு நடத்தினார். அவர் தேடிய விடை இந்தியக் கிராமத்தைப் பற்றியது. அதற்கான கருவியைத்தான் வெளிநாட்டில் கற்றார்.

அடுத்தது நாடு. பிரிட்டனில் முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டு. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பொதுவாக இரண்டு ஆண்டுகள். நம் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை பிரிட்டன் பரவலாக ஏற்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில நான்காண்டுப் பட்டம் கேட்கின்றன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால், வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும்.

பணத்துக்கும் வழி உண்டு. பழங்குடி மாணவர்களுக்கு ஒன்றியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 20 பேருக்குக் கிடைக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் உள்ளது. வருமான வரம்பு, வயது, ஏற்கப்படும் பாடங்கள் ஆகியவற்றை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் எல்லோருக்கும் பொது. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் தேவை. முகவர்களிடம் போகும் மாணவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: முகவர்கள் பலர் தங்களுக்குக் கமிஷன் தரும் பல்கலைக்கழகங்களையே முன்வைப்பார்கள்.

விண்ணப்ப வேலையைச் சேர்க்கைக்கு ஓராண்டு முன்பே தொடங்க வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் 2 ஆண்டுகளும், சில இடங்களில் கேட்கப்படும் ஜி.ஆர்.இ. மதிப்பெண் 5 ஆண்டுகளும் செல்லும். நோக்க அறிக்கை என்ற கட்டுரையை மாணவரே எழுத வேண்டும். மரவள்ளி விலையைப் பற்றி அவள் எழுதிய ஒரு பக்கம், இணையத்தில் கிடைத்த மாதிரிகள் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. பரிந்துரைக் கடிதம் கல்லூரிப் பேராசிரியர்களிடமிருந்து வர வேண்டும் என்பதால் முதலாண்டிலிருந்தே அவர்களிடம் பழகச் சொல்லுங்கள்.

பள்ளியிலேயே நாம் சரிசெய்யக்கூடியது பெயர். மதிப்பெண் சான்றிதழில் முன்னெழுத்து, ஆதாரில் தந்தை பெயர், கடவுச்சீட்டில் வேறொரு வரிசை என்றிருந்தால் பின்னர் அலைச்சல்தான். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாராகும்போதே ஆங்கில எழுத்துகள் உட்பட ஒப்பிட்டுவிடலாம். பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர். அதைப் பள்ளிப் பருவத்திலேயே பெற வைப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவுத் தேர்வு. நம் மேல்நிலை வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் பாடநூலில் அணிகள், வகையிடல், தொகையிடல், நிகழ்தகவு எல்லாம் உள்ளன. அந்தப் பல்கலைக்கழகங்கள் கேட்பதன் அடித்தளம் அதுதான். பொருளியலில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு வணிகக் கணிதம் உள்ள பிரிவைச் சொல்லுங்கள். உங்கள் பள்ளியில் அது இல்லையென்றால் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆறாம் வகுப்பு ஆசிரியர் பின்னத்தையும் விகிதத்தையும் பயமின்றிப் பழக்கினால்தான் அந்தப் பேச்சுக்கே இடமிருக்கும்.

என் மாணவி இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் கணித ஆசிரியரிடம் அந்தப் பாடநூலை முதல் பாடத்திலிருந்து படிக்கிறாள். முதலில் தமிழ்நாட்டிலேயே கணிதப் பொருளியல் தாள்கள் உள்ள எம்.ஏ. படித்துவிட்டு, பிறகு வெளிநாட்டுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். நான் சொன்ன ஒரு சொல்லுக்காக அவளுக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதலாகின்றன. இந்த ஜூன் மாதம் பாடப்பிரிவு கேட்டு வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும், விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் “கணக்கை விடப் போகிறாயா? அதனால் எந்தெந்தப் படிப்புகள் கிடைக்காமல் போகும் தெரியுமா?” என்று கேட்டு, ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நால்வர் பிரிவை மாற்றிக்கொண்டார்கள்.