பழகாத துறையில் பணி தேடுவோருக்கு

ஒரு துறையில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த ஒருவர், அதுவரை செய்திராத வேறொரு பணிக்கு விண்ணப்பிக்கலாமா? நிறுவனம் மூடப்பட்டதாலோ, ஊர் மாற்றத்தாலோ, உடல்நிலையாலோ இக்கேள்வியைச் சந்திக்கும் வாடிக்கையாளர்கள் பலர் எங்கள் கிளைகளுக்கு வருகின்றனர். வைப்புத்தொகையை முன்கூட்டியே முடித்துக்கொள்ளலாமா, வீட்டுக்கடன் தவணையை எப்படிச் செலுத்துவது என்று தொடங்கும் உரையாடல், "இந்த வயதில் எனக்கு வேறு வேலை யார் தருவார்?" என்பதில் வந்து நிற்கிறது. இதற்கு விடை காண ஐதராபாத்வாசிகள் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் வங்கிக் கிளைகளில் பணியாற்றும் முன்னாள் படைவீரர்களைப் பார்த்தாலே போதும்.

படைமுகாமிலிருந்து வங்கிக்கு

செகந்திராபாத் 1806 ஆம் ஆண்டில் படைமுகாமாக உருவான ஊர். இராணுவத் தளவாடப் பிரிவின் மையமும், மின்னணு மற்றும் இயந்திரப் பொறியாளர் பிரிவின் மையமும் இன்றும் இங்கு இயங்குகின்றன. கோல்கொண்டாவில் பீரங்கிப் படையின் மையம் உள்ளது. படைவீரர் பலர் முப்பதுகளின் பிற்பகுதியிலோ நாற்பதுகளின் தொடக்கத்திலோ ஓய்வு பெறுகின்றனர். பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் காலம் அது. இன்னும் இருபது ஆண்டுகள் உழைக்க உடலில் வலு உண்டு. ஆனால் பீரங்கி இயக்கத் தெரிந்தவருக்கு நகரத்தில் அதே வேலை கிடைக்காது.

இவர்களுக்காகப் பொதுத்துறை வங்கிகளில் எழுத்தர் பணியிடங்களில் 14.5 சதவீதமும், கடைநிலைப் பணியிடங்களில் 24.5 சதவீதமும் ஒதுக்கப்பட்டுள்ளன. ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கும், போரில் உயிர்நீத்தோரின் குடும்பத்தினருக்கும் உரிய 4.5 சதவீதம் இதனுள் அடங்கும். எழுத்தர் பணிக்குப் பொதுவான வயது வரம்பு 20 முதல் 28 வரை. முன்னாள் படைவீரருக்கு, அவர் படையில் பணியாற்றிய காலத்துடன் மேலும் 3 ஆண்டுகள் தளர்த்தப்படுகிறது. உச்ச வரம்பு 50 வயது. பட்டம் பெறாதவராயினும், பத்தாம் வகுப்புத் தேறி, 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றி, படையின் சிறப்புக் கல்விச் சான்றிதழ் பெற்றிருந்தால் விண்ணப்பிக்கலாம். எனினும் தேர்வை அவரும் எழுதியே ஆக வேண்டும். விண்ணப்பிக்கும் மாநிலத்தின் மொழியும் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்விதியின் அடிப்படையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பதினைந்து ஆண்டுக் காலப் படைப்பணி, பட்டப்படிப்புக்கு ஈடாக ஏற்கப்படுகிறது. அவருக்கு வங்கித் தொழில் தெரியும் என்று விதி கருதவில்லை. பொறுப்பேற்றுப் பணி செய்தவர், கற்றுக்கொடுத்தால் இதையும் செய்வார் என்றே கருதுகிறது. அதே வேளையில், தொழில்நுட்ப அனுபவம் இன்றியமையாத அரசுப் பணியிடங்களுக்கு இத்தகைய சலுகை பொருந்தாது. துறை மாற விரும்பும் எவரும் இவ்விரண்டையும் மனத்தில் கொள்ள வேண்டும். மருத்துவம், சட்டம், தணிக்கை போன்று உரிமம் வேண்டும் தொழில்களுக்கு அனுபவம் மாற்றாகாது. மற்றப் பல பணிகளுக்கு, முன்பு செய்த வேலையே ஒரு சான்றாக அமையக்கூடும்.

செய்த வேலையை எப்படிச் சொல்வது?

இராணுவப் பண்டகசாலையில் பணியாற்றியவர், பொருள்களின் வரவையும் செலவையும் இருப்பையும் பதிவேட்டில் எழுதியவர். ஏட்டில் உள்ள எண்ணிக்கையும் கிடங்கில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்தவர். வங்கியின் காசாளர் நாள்தோறும் மாலையில் செய்வதும் இதுவே. "பண்டகக் காப்பாளர்" என்ற பதவிப் பெயரை மட்டும் விண்ணப்பத்தில் எழுதினால் இந்த ஒற்றுமை படிப்பவருக்குப் புலப்படாது. செய்த வேலையை விளக்கி எழுதினால் புலப்படும்.

ஆகவே விண்ணப்பத்தில் பதவிப் பெயரோடு நின்றுவிடாமல் மூன்று செய்திகளை எழுதுங்கள்: உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது என்ன, அது எந்த அளவினது, அதன் விளைவு என்ன. மருந்துக் கடையில் பணியாற்றிய ஒருவர் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறார் என்று கொள்வோம். "கடின உழைப்பாளி" என்று எழுதுவதால் பயனில்லை. "நாள்தோறும் மருத்துவரின் மருந்துச்சீட்டுகளைப் படித்து, மருந்தின் பெயர், அளவு, விலை ஆகியவற்றைச் சரிபார்த்து விலைப்பட்டியல் தயாரித்தேன், மாத இறுதியில் கணக்கை ஒப்பிட்டு முடித்தேன்" என்பது, அப்பிரிவின் அலுவலருக்கு வேண்டிய செய்தி.

வேலை விளம்பரத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும். "இன்றியமையாத தகுதி", "விரும்பத்தக்க தகுதி" என இரண்டு வகை குறிப்பிடப்பட்டிருக்கும். முதல் வகை இருந்து இரண்டாம் வகை இல்லையெனில் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். முதல் வகையில் குறை இருந்தால் அதை நிரப்பும் வழியைத் தேட வேண்டும். 1982 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட, நாட்டின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நம் ஐதராபாத்தில் உள்ளது. இன்று டாக்டர் பி. ஆர். அம்பேத்கர் பெயரைத் தாங்கும் அங்கே, பணியில் இருந்துகொண்டே பட்டம் பெற இயலும். அனுபவத்தால் கற்ற தொழில்திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் "முன்கற்றல் அங்கீகாரம்" என்ற ஏற்பாடும் மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது.

ஓய்வூதியம் இல்லாதவர் செய்ய வேண்டியவை

முன்னாள் படைவீரர் புதிய துறையின் முதற்படியில் துணிந்து நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 15 ஆண்டுகள் பணியாற்றிய படைவீரருக்கு ஓய்வூதியம் வருகிறது. தொடக்கச் சம்பளம் குறைவாயினும், தன்னைவிட இளையவரின் கீழ் வேலை கற்க நேர்ந்தாலும், வீட்டில் அடுப்பு எரியும் என்ற உறுதி அவருக்கு இருக்கிறது. தனியார் பணியிலிருந்து துறை மாறுபவர் இந்த உறுதியைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவதாக, குறைந்தது ஆறு மாதக் குடும்பச் செலவும் கடன் தவணையும் சேர்ந்த தொகையைத் தனியே வைப்பில் வையுங்கள். புதிய சம்பளம் பழையதைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதால், அந்தக் குறைந்த தொகையில் இரண்டு மூன்று மாதம் குடும்பம் நடத்திப் பார்ப்பது நல்ல ஒத்திகை.

இரண்டாவதாக, வருங்கால வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்க அவசரப்படாதீர்கள். தொடர்ச்சியான 5 ஆண்டுப் பணி நிறைவதற்கு முன் எடுக்கும் தொகைக்குப் பொதுவாக வருமான வரி உண்டு. ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணிக்காலம் தேவை. புதிய நிறுவனத்திற்குக் கணக்கை மாற்றிக்கொண்டால், துறை வேறானாலும் பழைய பணிக்காலம் சேர்த்துக் கணக்கிடப்படும்.

மூன்றாவதாக, நிறுவனம் தந்த குழு மருத்துவக் காப்பீடு பணி விலகலோடு முடிந்துவிடும். விலகுவதற்கு முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் திட்டத்திற்கு மாற விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலத்தின் பயன் தொடர அது வழி செய்யும்.

நான்காவதாக, தவணை தவறிய பிறகு வருவதைவிட, வருமானம் குறையும் என்று தெரிந்தவுடனேயே கிளை மேலாளரைச் சந்தியுங்கள். தவறிய தவணைகள் கடன் தகவல் அறிக்கையில் பதிவாகும். முன்கூட்டியே பேசினால், இருக்கின்ற வழிகளை ஆராய நேரம் கிடைக்கும்.

முன்பணம் கேட்டால் விலகுங்கள்

புதிய துறையின் நடைமுறை அறியாதவரை ஏமாற்றுவது எளிது என்பதை மோசடிக்காரர்கள் அறிவார்கள். பதிவுக் கட்டணம், பயிற்சி வைப்பு என்று பணம் கேட்கும் "வேலை"களையும், காணொளிகளுக்கு விருப்பம் தெரிவித்தால் வருமானம் என்னும் அழைப்புகளையும் நம்ப வேண்டாம். உங்கள் வங்கிக் கணக்கில் பிறர் பணத்தைப் பெற்று, தரகு எடுத்துக்கொண்டு மாற்றி அனுப்பும் பணி என்று எவரேனும் சொன்னால், அது உங்களையே குற்ற வழக்கில் சிக்க வைக்கும். பணம் இழந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள்.

துறை மாற எண்ணும் வாடிக்கையாளர்கள் இந்த வாரமே ஒரு தாளில் இரண்டு பட்டியல்களை எழுதலாம். ஒன்று, இதுவரை உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்புகள். மற்றொன்று, மாதந்தோறும் தவிர்க்க இயலாத செலவுகள். முதற்பட்டியல் எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைக் காட்டும். இரண்டாவது, எத்தனை மாதம் காத்திருக்க முடியும் என்பதைச் சொல்லும். இரண்டாம் பட்டியலோடு கிளைக்கு வாருங்கள். சேர்ந்து கணக்கிட்டுப் பார்ப்போம்.