மொபெட்டின் சுமையும் காப்பீடும்

பால் கேன், தீவனம், உர மூட்டை என எதையும் வயல் வரை கொண்டு சேர்ப்பது டி.வி.எஸ். மொபெட்தான். 1980-ல் 50 சி.சி. வண்டியாக வந்தது, இன்று எக்ஸ்.எல். 100 ஆக ஓடுகிறது. பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலையும் இல்லை.

ஆனால், இது தாங்கும் சுமை ஓட்டுபவரையும் சேர்த்து 130 கிலோதான். 65 கிலோ எடையுள்ளவர் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றை ஏற்றலாம். இரண்டு ஏற்றினால் 155 கிலோ. அப்போது பிரேக் பிடித்தாலும் வண்டி உடனே நிற்காது.

புதிய வண்டியோடு வரும் மூன்றாம் நபர் காப்பீடு 5 ஆண்டுக்குத்தான். பலர் அதைப் புதுப்பிப்பதில்லை. காப்பீடு இல்லாத வண்டி யார் மீதாவது மோதினால், இழப்பீட்டை உரிமையாளரே கட்ட வேண்டும். நிலத்தை விற்கும் நிலைகூட வரலாம். பாலிசி முடியும் தேதியை இன்றே பாருங்கள்.