பழைய லேப்டாப்பில் டிவிடி ஏன் ஓட மறுக்கிறது?

டிவிடி ஓடவில்லை என்றதும் லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். பல நேரங்களில் கோளாறு வேறெங்கோ இருக்கும். வட்டைத் தட்டில் வைத்ததிலிருந்து திரையில் படம் அசையும் வரை நான்கு வேலைகள் நடந்தாக வேண்டும். லேசர் வட்டைப் படிக்க வேண்டும். பூட்டு இருந்தால் திறக்க வேண்டும். சுருக்கி வைத்த படம் விரிய வேண்டும். அது தடங்கலின்றித் திரைக்கு வந்து சேர வேண்டும். எந்த இடத்தில் நின்றுபோனது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

லேசர் படிக்கிறதா?

டிவிடியின் குறுக்களவு 12 சென்டிமீட்டர். 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகடுகளை ஒட்டிச் செய்தது. உள்ளே கொசுவத்திச் சுருள்போல ஒரே தடம், நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுற்றிச் செல்கிறது. அடுத்தடுத்த இரு சுற்றுகளுக்கு இடையே 0.74 மைக்ரோமீட்டர்தான். சிடியில் இது 1.6. அதனால்தான் சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் போதுமானதாக இருக்க, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் வேண்டியிருக்கிறது. டிவிடி டிரைவுக்குள் இரண்டு லேசர்களும் உண்டு.

பாட்டு சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை என்றால் சிவப்பு லேசர் மங்கியிருக்கலாம். அல்லது லென்ஸில் தூசி படிந்திருக்கலாம். லேப்டாப் டிரைவின் தட்டை வெளியே இழுத்தால் லென்ஸ் கண்ணுக்கே தெரியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட பட்ஸால் அழுத்தாமல் துடைத்தால் போதும். வட்டு நடுக்குமிழில் ‘டக்’கென்று உட்கார்ந்ததா என்றும் பாருங்கள். மேசைக் கணினி டிரைவில் இருப்பதுபோல வட்டை மேலிருந்து பிடித்துக்கொள்ளும் அமைப்பு இதில் கிடையாது.

வட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும். டிவிடியில் பிழைதிருத்தும் தரவும் சேர்த்தே பதிவாகியிருப்பதால் தடத்தைக் குறுக்கே வெட்டும் கீறலை டிரைவ் சமாளித்துவிடும். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தின் வழியே நீண்டுபோய், தொடர்ச்சியாகப் பல தரவுகளைத் தின்றுவிடும்.

அடுத்து, கணினியில் வட்டைத் திறந்து பாருங்கள். ‘வீடியோ டிஎஸ்’ என்ற ஃபோல்டரும் அதற்குள் ‘விஓபி’ என்று முடியும் கோப்புகளும் தெரிந்தால், லேசர் தன் வேலையைச் செய்கிறது. சிக்கல் மென்பொருளில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பூட்டும் மண்டலமும்

கடையில் விற்ற திரைப்பட டிவிடிகள் பலவற்றில் சிஎஸ்எஸ் எனப்படும் 40 பிட் பூட்டு உண்டு. உரிமம் பெற்ற பிளேயர்களிடம் மட்டுமே அதன் சாவி இருந்தது. லினக்ஸுக்கு அப்போது அப்படி எளிதில் கிடைக்கும் பிளேயர் இல்லை. 1999 அக்டோபரில் அந்தப் பூட்டைத் திறக்கும் டிசிஎஸ்எஸ் என்ற நிரல் வெளிவந்தது. அதில் பங்குகொண்ட நார்வே சிறுவன் யோன் லெக் யோஹான்சனுக்கு அப்போது வயது 15. அவர்மீது தொடரப்பட்ட வழக்கில் 2003-இல் நார்வே நீதிமன்றம் விடுதலை அளித்தது. மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்புதான்.

இன்று விஎல்சி பிளேயர் இந்த வேலைக்கு ‘லிப்டிவிடிசிஎஸ்எஸ்’ என்ற நிரல்தொகுப்பைப் பயன்படுத்துகிறது. விண்டோஸுக்கான விஎல்சியில் அது கூடவே வருகிறது. உபுண்டுவில் ‘லிப்டிவிடி-பிகேஜி’ என்ற பொதியைத் தனியாக நிறுவ வேண்டும்.

இதற்குமேல், வட்டின் மண்டலமும் டிரைவின் மண்டலமும் பொருந்த வேண்டும் என்ற மண்டலக் கட்டுப்பாடு வேறு. இந்தியா 5-ஆம் மண்டலம். அமெரிக்கா 1, ஐரோப்பாவின் பெரும்பகுதியும் ஜப்பானும் 2. 2000-க்குப் பின் வந்த டிரைவுகளில் மண்டலத்தை 5 முறைதான் மாற்றலாம்; கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த வட்டைப் போட்டதும் ‘மண்டலம் மாற்றவா?’ என்று கேட்டால், யோசிக்காமல் சரி என்று அழுத்திவிடாதீர்கள்.

விரிப்பதும் அனுப்புவதும்

நம் ஊர் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறை டிவிடியில் ஒரு சட்டகம் 720×576 புள்ளிகள், நொடிக்கு 25 சட்டகங்கள். சுருக்காமல் வைத்தால் நொடிக்குச் சுமார் 124 மெகாபிட் வரும். எம்பெக்-2 முறை அதை அதிகபட்சம் 9.8 மெகாபிட்டுக்குள் அடக்குகிறது. அதை மீண்டும் விரிப்பது 1990களின் இறுதியில் வந்த கணினிகளுக்குப் பெரும் பாரம். சிலவற்றில் இதற்கென்றே தனி அட்டை பொருத்தினார்கள். 2000களின் நடுவில் வந்த லேப்டாப்புக்கு இது பொருட்டே அல்ல.

ஆனாலும் விண்டோஸ் 7-இல் ஓடிய டிவிடி, விண்டோஸ் 10 போட்டதும் நின்றுபோகும். எம்பெக்-2 நிரலுக்கு அப்போது உரிமக் கட்டணம் இருந்தது. விண்டோஸ் 7 ஹோம் பிரீமியத்தில் கூடவே வந்த டிவிடி வசதியை விண்டோஸ் 8-லிருந்து மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது. இலவசமான விஎல்சியை நிறுவினாலே இந்தக் குறை தீரும்.

படம் ஓடுகிறது, ஆனால் விக்கி விக்கி ஓடுகிறது என்றால் தரவு வரும் வழியைப் பாருங்கள். டிரைவ் தரவை நேரடியாக நினைவகத்துக்கு அனுப்புவது டிஎம்ஏ. ஒவ்வொன்றையும் பிராசசரே எடுத்து வைப்பது பிஐஓ. விண்டோஸ் எக்ஸ்பி, கீறல் வட்டைப் படிக்கையில் பிழைகள் சேர்ந்துவிட்டால் தானாகவே பிஐஓவுக்கு இறங்கிவிடும். நல்ல வட்டைப் போட்டாலும் திரும்ப ஏறாது. டிவைஸ் மேனேஜரில் டிரைவ் இணைந்துள்ள ஐடிஇ சேனலை நீக்கிவிட்டு கணினியை மறுபடி தொடங்கினால் டிஎம்ஏ திரும்பிவிடும்.

கல்யாண வட்டுகளுக்கு அவசரம்

கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ என்று வீட்டில் இருப்பவை பெரும்பாலும் பதிவு செய்த டிவிடி-ஆர் வட்டுகள். அவற்றில் பூட்டும் இல்லை, மண்டலமும் இல்லை. ஆனால் தொழிற்சாலையில் அச்சடித்த வட்டைப்போல இவற்றில் பள்ளங்கள் கிடையாது. லேசர் சுட்ட சாயப்பூச்சுதான் இருக்கிறது. வெப்பத்திலும் வெளிச்சத்திலும் அந்தச் சாயம் கெட்டுப்போகும். கெட்டபின் எந்த மென்பொருளாலும் மீட்பது அரிது. ஓரடுக்கு வட்டு ஒன்றில் அதிகபட்சம் 4.7 கிகாபைட்தான். உங்கள் பழைய டிரைவ் இன்னும் படிக்கிறது என்றால் அந்த ‘வீடியோ டிஎஸ்’ ஃபோல்டரை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். இரண்டாவது நகலை வேறொரு வீட்டில் வையுங்கள். புது லேப்டாப்புகளில் டிவிடி டிரைவே வருவதில்லை என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.