கானவாகே போட்ட நிபந்தனை

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் வாழும் சிறிய பழங்குடி இனம் ஹவசுப்பாய். சர்க்கரை நோய் அவர்களை வாட்டியது. காரணம் கண்டறிய 1990இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்தபோது நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தம் மனச்சிதைவு, மூதாதையர் புலம்பெயர்வு போன்ற ஆய்வுகளுக்கும் போயிருப்பது 2003இல்தான் தெரியவந்தது. பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் நாங்கள் என்று நம்பும் மக்களிடம், அவர்கள் ரத்தத்தையே சாட்சிக்கு இழுத்து, ‘இல்லை, ஆசியாவிலிருந்து வந்தவர்கள்’ என்றால் பொறுப்பார்களா? வழக்குப் போட்டார்கள். 2010இல் 7 லட்சம் டாலர் இழப்பீடும், மிச்சமிருந்த ரத்த மாதிரிகளும் கைக்கு வந்தன.

இதே சர்க்கரை நோயை வேறு விதமாக எதிர்கொண்ட ஊர் ஒன்று கனடாவில், மான்ட்ரியல் நகரை ஒட்டி இருக்கிறது. மோஹாக் மக்கள் வாழும் கானவாகே.

அங்குள்ள மருத்துவமனையின் மருத்துவர்கள் ஆன் மெக்காலேயும் லூயி மான்டூரும் 1980களில் நோயாளிகளின் பதிவேடுகளை அலசினார்கள். 45 முதல் 64 வயதுவரை உள்ளவர்களில் 12 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். கணக்கை ஊராரிடமே சொன்னார்கள். பெரியவர்கள் கேட்டது ஒன்றுதான்: பிள்ளைகளுக்காவது இது வராமல் தடுக்க ஏதாவது செய்யுங்கள்.

1994இல் பள்ளிகளை மையமாக வைத்துத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. பாடத்தில் உடல்நலம் சேர்ந்தது. நொறுக்குத் தீனிக்குப் பள்ளியில் தடை வந்தது. கூடவே ஊர்மக்கள் ஆலோசனைக் குழுவும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து ஆய்வுக்கான நெறிமுறை ஒன்றை எழுதினார்கள். எதை ஆராய்வது என்பதில் ஊருக்கும் பங்கு உண்டு. முடிவுகளை முதலில் ஊர் கேட்கும், பிறகுதான் உலகம். முடிவுகளுக்குப் பொருள் கொள்வதில் இரு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால்? கட்டுரையை யாரும் முடக்க வேண்டாம். மாறுபடும் தரப்பின் விளக்கமும் அதோடு சேர்ந்து வரவேண்டும். தன் பெயரில் வரும் கட்டுரையிலேயே எதிர்வாதத்துக்கும் இடம் கொடுப்பது எந்த ஆய்வாளருக்கும் கசக்கும். ஆனாலும் அந்த நெறிமுறையிலேயே துணிச்சலான விதி இதுதான்.

பலன்? 2005இல் வெளியான ஆய்வு பூசி மெழுகவில்லை. பிள்ளைகளின் தோலடிக் கொழுப்பில் தொடக்கத்தில் தெரிந்த சிறு முன்னேற்றம் நிலைக்கவில்லை. உடல் எடையில் எதிர்பார்த்த மாற்றமும் வரவில்லை. வெளியிலிருந்து வந்த குழுவாக இருந்தால் கட்டுரையை அச்சேற்றிவிட்டு மூட்டை கட்டியிருக்கும். இங்கே அது ஊரின் திட்டம். கானவாகே அதைத் தொடர்ந்து நடத்தியது. பிற பழங்குடிச் சமூகத்தினரும் அங்கே பயிற்சிக்கு வந்தார்கள்.