டிரான்ஸ்ஃபார்மர் ஒழுகினால் யார் பொறுப்பு?

ஊர்க்கோடி டிரான்ஸ்ஃபார்மரின் தொட்டியில் கரிய பிசுக்கு வழிந்து, அடியில் மண் நனைந்து கிடப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். கேட்டால், “அது எப்பவும் அப்படித்தான்” என்பார்கள். அப்படி இருக்கக் கூடாது. பழைய டிரான்ஸ்ஃபார்மர்களில் இதற்குப் பெரும்பாலும் காரணம் நைந்துபோன கார்க் கேஸ்கட். அதை மாற்றாமல் விட்டால் எரிவது டிரான்ஸ்ஃபார்மர், காய்வது வயல்.

தொட்டிக்கும் மூடிக்கும் நடுவிலும், பீங்கான் புஷ்ஷிங்குகளின் அடியிலும் இந்தக் கேஸ்கட் இருக்கிறது. தகட்டின் விளிம்பு சற்று மேடுபள்ளமாக இருந்தாலும் கார்க் அமுங்கிக்கொடுத்து இடைவெளியை அடைத்துவிடும். பக்கவாட்டில் அதிகம் பிதுங்காது. ரப்பர் கலந்த கார்க் ஷீட் இந்த வேலைக்கு இத்தனை காலம் பயன்பட்டது அதனால்தான். ஆனால் எண்ணெய்ச் சூட்டிலும் வெயிலிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் இறுகிப் போகும், நொறுங்கும்.

கீழே சொட்டும் எண்ணெயாவது கண்ணுக்குத் தெரிகிறது. மேல்மூடியில் விட்டுப்போன கேஸ்கட் வெளியே தெரியாது. அதுதான் அதிக ஆபத்து. சுமை ஏறும்போது எண்ணெய் சூடாகி விரியும், இறங்கினால் குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே போகும். சிலிக்கா ஜெல் போட்ட பிரீதர் வழியாகப் போனால் காற்றின் ஈரம் அங்கேயே நின்றுவிடும். மூடி ஓரமாகப் போனால் ஈரத்தோடு போகும். எண்ணெயில் ஈரம் ஏறினால் அதன் மின்காப்பு குறையும், சுருளைச் சுற்றிய காகிதம் நைந்துபோகும், கடைசியில் சுருளே எரிந்துவிடும். இன்னொரு பக்கம், ஒழுகி ஒழுகி எண்ணெய் மட்டம் இறங்கினால் சூட்டை வெளியேற்ற வழியில்லாமலும் எரியும்.

ஒழுகுகிறதே என்று போல்ட்டை மேலும் இறுக்குவது தவறான வைத்தியம். இறுகிப்போன கார்க் அதில் பிளந்துவிடும். வெளியே பசை பூசுவதும் சில நாளைக்குத்தான். மின்சாரத்தை நிறுத்தி, எர்த் செய்து, பழைய கார்க்கைச் சுரண்டி எடுத்து, விளிம்பைத் துடைத்து, எண்ணெய் தாங்கும் புதிய ஷீட்டை வைக்க வேண்டும். போல்ட்டுகளை எதிரெதிராக, பல சுற்றில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கழற்றிய கேஸ்கட்டைத் திரும்பப் போடக் கூடாது. இந்த வேலை நடக்கும்போது இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஊர்க்காரர்களுக்குத் தயக்கம் வேண்டாம்.

ஆனால் யாரும் தாமாக ஏறிவிட வேண்டாம். மேலே இருப்பது 11,000 வோல்ட். ஃபியூஸ் போட்டுப் பழகிய கை என்றாலும் அதற்கு ஒன்றுதான். வடிந்த எண்ணெயையும் எடுத்துப் புழங்காதீர்கள். மிகப் பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் பி.சி.பி. என்ற நச்சு கலந்திருக்க வாய்ப்புண்டு. அது எளிதில் சிதையாது, உடல் கொழுப்பில் தங்கிவிடும். 2025 டிசம்பர் 31-க்குப் பின் அதன் பயன்பாடே கூடாது என்று மத்திய அரசு 2016-லேயே ஆணையிட்டது.

பல ஊர்களில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்ததும் டிராக்டர் வாடகை, ஆள்கூலி என்று வீட்டுக்கு வீடு வசூல் நடக்கிறது. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பொது டிரான்ஸ்ஃபார்மர் மின்வாரியத்தின் சொத்து, அதைப் பராமரிப்பதும் மாற்றுவதும் அவர்கள் செலவு. யாராவது லஞ்சமாகப் பணம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064-ஐ அழைக்கலாம்.

கசிவைக் கண்டதும் தள்ளி நின்று படம் எடுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் பெயரையும் உங்கள் மின் இணைப்பு எண்ணையும் எழுதி, பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் மனுக் கொடுத்து, பெற்றதற்கு ஒப்புதல் வாங்குங்கள். தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாக லைன்மேனிடம் சொன்னது பின்னால் சான்றாகாது.

மனு கிடப்பில் போனால், மின்சாரச் சட்டம் 2003-இன் 42-ஆம் பிரிவு வழி காட்டுகிறது: முதலில் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அங்கும் தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளர். ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த சேவைத் தரத்தில் தவறினால் இழப்பீடு தர வேண்டும் என்கிறது 57-ஆம் பிரிவு. உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெய் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, கேஸ்கட் எப்போது மாற்றப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். எரிந்த பிறகு மன்றத்துக்குப் போக நேர்ந்தால், மனுவோடு அந்தப் பதிலையும் இணைத்துக் கொடுங்கள்.