ஓடத் தெரியாத சிப்பி



சென்ற ஆண்டு இன்டஸ்ட்ரியல் விசிட் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பலருக்கு பஸ்ஸில் பாடிய பாட்டும் வழியில் சாப்பிட்ட பரோட்டாவும்தான் நினைவிருக்கும். எனக்கு நினைவில் நின்றது வேறு. கடலோரத்து ஆலை ஒன்றில், இயந்திரங்களைக் குளிர்விக்கக் கடல்நீர் கொண்டுவரும் குழாயைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால், சிமெண்ட் பூசியது போல ஒரே சிப்பி! நம் கோஷ்டியில் ஒருவன் ஸ்குரு டிரைவரை வைத்து ஒன்றைத் திறக்கப் பார்த்தான். கை வலித்ததுதான் மிச்சம். பக்கத்தில் நின்ற ஃபோர்மேன் அண்ணாச்சி சிரித்தார்.

"குளோரின் விட்டா மூடிக்கிடும் தம்பி. நிறுத்தினா தொறந்துக்கிடும். இதைச் சாகடிக்கிறது லேசுல்ல."

"ஓடவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது. பின்ன எப்படி அண்ணாச்சி பிழைக்குது?"

"அதைப் படிச்ச பிள்ளைக நீங்கதான் சொல்லணும்!"

பதில் தெரியாமல் பஸ் ஏறினேன். பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். 'மெக்கானிக்கல்காரனுக்குச் சிப்பியோடு என்ன வேலை?' என்று சிவில் நண்பர்கள் கேட்க வேண்டாம். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஸ்பிரிங்கும் ரேட்செட்டும்

குஞ்சுப் பருவத்தில் சிப்பி இரண்டு மூன்று வாரம் கடலில் மிதந்து திரியும். பிறகு கெட்டியான ஓர் இடம் பார்த்து ஒட்டிக்கொள்ளும். அதோடு சரி, சாகும்வரை அதே விலாசம்தான்! வெயிலோ, வெள்ளமோ, நோயோ, நம் குளோரினோ, எது வந்தாலும் இருந்த இடத்திலேயே சமாளித்தாக வேண்டும்.

இரண்டு ஓடுகளும் சேரும் மூட்டில் ரப்பர் போன்ற நார் ஒன்று உண்டு. அது ஸ்பிரிங் மாதிரி ஓடுகளை எப்போதும் திறக்கவே பார்க்கும். உள்ளே இருக்கும் தசை அதை எதிர்த்து இழுத்து மூடும். மூடிய பிறகு, ரேட்செட் விழுந்தது போல அதிகச் சக்தி செலவில்லாமல் நெடுநேரம் பிடித்திருக்கும். செத்த சிப்பி வாய் பிளந்து கிடப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? தசை போய்விட்டது, ஸ்பிரிங் மட்டும் மிச்சம்.

சரி, மூடிக்கொண்டால் மூச்சு? ஆக்சிஜன் இல்லாமலே கொஞ்சமாகச் சக்தி எடுக்கும் முறைக்கு உடம்பு மாறிவிடும். அதனால் உள்ளே அமிலம் சேரும். தன் சுண்ணாம்பு ஓட்டையே சிறிது கரைத்து அந்த அமிலத்தைச் சிப்பி சரிக்கட்டுகிறது. வீட்டுச் சுவரைச் சுரண்டி மருந்தாக்கும் கெட்டிக்காரத்தனம்! தண்ணீரில் உப்பு கூடினாலும் குறைந்தாலும், செல்களுக்குள் இருக்கும் அமினோ அமிலங்களைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கும்.

வெயிலுக்கும் வழி உண்டு. சூட்டில் உருக்குலையும் புரதங்களைக் காப்பாற்றுவதற்கென்றே 'ஹெச்.எஸ்.பி. 70' என்ற புரத வகை இருக்கிறது. அதற்கான மரபணுக்கள் மனிதனுக்கு 17. பசிபிக் சிப்பிக்கோ 88! 2012இல் அதன் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படித்தபோது தெரிந்த கணக்கு இது. ஓட முடியாதவன் வீட்டில் கருவி அதிகம்.

ஆனால் எவ்வளவு நாள்தான் மூடியே இருப்பது? சாப்பிட வேண்டுமே! வளர்ந்த சிப்பி, சூழ்நிலை நன்றாக இருந்தால், ஒரு நாளில் சுமார் 190 லிட்டர் வரை தண்ணீரை வடிகட்டும். தீனியோடு சேர்ந்து கிருமியும் உள்ளே வரும். இங்கேதான் கதை மாறுகிறது.

அரியர் இல்லாத பரீட்சை

நம் உடம்பில் உருவாகும் ஆன்டிபாடி சிப்பிக்குக் கிடையாது. எனவே நம்மைப் போல் தடுப்பூசி போட்டுப் பழக்கவும் முடியாது. அதன் இரத்த அணுக்கள் கிருமியை விழுங்கிச் செரிக்கும். இந்தக் காவல் தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு நான் படித்ததிலேயே பெரிய பாடம் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடா.

1957ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அங்கே சிப்பிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. காரணம், எம்.எஸ்.எக்ஸ். என்று பெயரிடப்பட்ட ஓர் ஒட்டுண்ணி. மனிதனுக்கு அதனால் கெடுதல் இல்லை, சிப்பிக்குத்தான் எமன். உப்பு அதிகமான கீழ்ப்பகுதியில் வளர்த்திருந்த சிப்பிகளில் 90 முதல் 95 விழுக்காடு 1959க்குள் போய்விட்டன. அதை நம்பியிருந்த குடும்பங்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்! இந்த ஒட்டுண்ணி பசிபிக் சிப்பியில் இருப்பதேதான் என்று 2000இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. ஆக, நோய் அந்த ஊர்ச் சொத்து அல்ல, வெளியிலிருந்து வந்தது.

ஆனாலும் சில சிப்பிகள் பிழைத்தன. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெரால்டு ஹாஸ்கின் அவற்றையே பெற்றோராக வைத்து 1960களின் தொடக்கத்தில் இனப்பெருக்கம் செய்ய ஆரம்பித்தார். தலைமுறைக்குத் தலைமுறை தாங்கும் சக்தி கூடியது. எந்தச் சிப்பியும் நோயை எதிர்க்கக் 'கற்றுக்கொள்ளவில்லை' என்பதைக் கவனியுங்கள். அந்தப் பரீட்சையில் அரியர் கிடையாது! ஃபெயிலானவை போயின, பாஸானவை முட்டையிட்டன. அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. விரிகுடாவின் மேல்பகுதியில் ஆற்றுநீர் கலப்பதால் உப்பு குறைவு. எம்.எஸ்.எக்ஸுக்கு உப்பு குறைந்த நீர் ஆகாது. ஆகவே அங்கிருந்த சிப்பிகள் பரீட்சை எழுதாமலே தப்பித்தன. 1980களின் நடுவில் மழை பொய்த்தது. உப்புநீர் மேலே ஏறியது, நோயும் கூடவே ஏறியது. அங்கிருந்தவையும் பெருமளவில் செத்தன. அதற்குப் பிறகுதான் விரிகுடாவின் சிப்பி இனம் மொத்தமும் எம்.எஸ்.எக்ஸைத் தாங்கக்கூடியதாக மாறியது.

'அப்போ சுபம்தானே?' என்றால், இல்லை. 1990இல் 'டெர்மோ' என்ற வேறொரு நோய் அங்கே பெரிதாகப் பரவியது. அந்த ஒட்டுண்ணியை இரத்த அணு விழுங்கினாலும், விழுங்கிய அணுவுக்குள்ளேயே அது பெருகும்! எம்.எஸ்.எக்ஸில் பாஸான சிப்பி டெர்மோவில் ஃபெயிலாகிவிடுகிறது.

அண்ணாச்சிக்குப் பதில்

அந்த ஃபோர்மேன் அண்ணாச்சியை மறுபடி பார்த்தால் இப்படிச் சொல்வேன்: "மூடிக்கிட்டுக் காத்திருக்கிறதுதான் அதோட பலம் அண்ணாச்சி. ஆனா ரொம்ப நாள் மூடியிருக்க முடியாது. அதனால விட்டுவிட்டு நிறைய குளோரின் விடுறதைவிட, குறைஞ்ச அளவுல தொடர்ந்து விட்டா குழாயில ஒட்டாம பார்த்துக்கலாம். வெளியே போற தண்ணியில மட்டும் குளோரின் மிஞ்சாம பாருங்க. அங்கேயும் உயிர்கள் இருக்கு."

நண்பர்களே, குழாயில் சிப்பி நமக்குத் தொல்லை. கடலில் அது தண்ணீரை வடிகட்டும் தொழிலாளி, பல குடும்பங்களுக்குச் சோறு. ஒரு கடலின் சிப்பியை இன்னொரு கடலுக்குக் கொண்டுபோகும் முன் நூறு தடவை யோசிக்க வேண்டும். கொள்ளை நோய்க்குப் பிறகு மிஞ்சி நிற்பவற்றை, 'எப்படியும் சாகப்போவதுதானே' என்று வழித்து எடுத்துவிடவும் கூடாது. அடுத்த தலைமுறைக்கான விதை அந்தச் சிலவற்றிடம்தான் இருக்கிறது.

அடுத்த விசிட்டில் ஸ்குரு டிரைவரை ஒர்க்‌ஷாப்பிலேயே வைத்துவிட்டு வாருங்கள்!

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை