வலை வீசும் தூரிகைக் கோடு

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாடும் ஆந்திரப் பிரதேசமும் பகிர்ந்துகொள்ளும் உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் கரையிலுள்ள மீனவர் கிராமங்களில் வீச்சு வலை வீசுவதைப் பார்த்திருக்கிறீர்களா? மீனவரின் கையை விட்டுச் சுழன்று கிளம்பும் வலை, ஓரத்திலுள்ள ஈயக் குண்டுகளால் வட்டமாக விரிகிறது. நீரைத் தொட்டதும் வேகம் தணிந்து அமிழ்கிறது.

இதை 5 விநாடி அசைவுப் படமாக்க வேண்டுமானால், விநாடிக்கு 24 வீதம் 120 படங்கள் வரையவேண்டும். கணிப்பொறியில் வேறொரு வழி உண்டு. மீனவரின் கையிலிருந்து வலையின் ஓரம் வரை ஓவியர் தூரிகையால் ஒரே ஒரு கோடு இழுக்கிறார். அதை அசைக்கும் வேலையை இயற்பியல் விதிகளிடம் விட்டுவிடுகிறார்.

எப்படி? முதலில் கணிப்பொறி அந்தக் கோட்டைப் பல புள்ளிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறை உண்டு. அடுத்தடுத்த புள்ளிகளைக் கற்பனைச் சுருள்வில்கள் இணைக்கின்றன. ஈயக் குண்டு இருக்கும் கடைசிப் புள்ளிக்கு நிறை அதிகம். கையிலுள்ள முதல் புள்ளி, கை போகும் இடத்துக்கே போகும்.

ஒவ்வொரு புள்ளியின் மீதும் மூன்று விசைகள் செயல்படுகின்றன. ஒன்று புவியீர்ப்பு. இரண்டாவது சுருள்வில்லின் இழுப்பு. இது ஹூக் விதிப்படி நீட்சிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மூன்றாவது, இயக்கத்தை எதிர்க்கும் தடைவிசை. இவற்றின் தொகுபயனை நிறையால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். முடுக்கத்திலிருந்து திசைவேகத்தையும், அதிலிருந்து புதிய இடத்தையும் காணலாம். நீங்கள் பாடத்தில் படித்த நியூட்டனின் இரண்டாம் விதிதான் இது! டெர்சோபவுலோஸும் அவருடைய சகாக்களும் இவ்வாறு நெகிழும் பொருள்களை விசைகளால் அசைக்கும் முறையை 1987இல் வெளியிட்டார்கள்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு புள்ளியின் நிறை 0.01 கிலோகிராம், சுருள்வில் மாறிலி மீட்டருக்கு 100 நியூட்டன், நீட்சி 1 சென்டிமீட்டர் என்று கொள்வோம். விசை 1 நியூட்டன். எனவே முடுக்கம் 100 மீ/வி². ஒரு படத்துக்கான 1/24 விநாடியை ஒரே தாவலாகக் கணக்கிட்டால், திசைவேகம் 4.17 மீ/வி, புள்ளி நகரும் தொலைவு சுமார் 17 சென்டிமீட்டர்! 1 சென்டிமீட்டர் திரும்பவேண்டிய புள்ளி, எதிர்ப்பக்கம் வெகுதூரம் பாய்ந்துவிடுகிறது. அடுத்த இழுப்பு இன்னும் பெரிதாகும். சில படங்களுக்குள் கோடு சிதறித் திரையை விட்டே ஓடிவிடும். அதே நேரத்தைப் பத்தாகப் பிரித்து, 1/240 விநாடிக்குக் கணக்கிட்டால், முதல் நகர்வு 0.17 சென்டிமீட்டர்தான். கோடு ஒழுங்காக ஆடும்.

இப்போது வலை நீருக்குள் இறங்குகிறது. ஈயம் நீரைப் போல ஏறத்தாழ 11 மடங்கு அடர்த்தியுள்ளது. ஆகவே மிதப்புவிசையால் குண்டு இழக்கும் எடை சுமார் 11இல் ஒரு பங்குதான். ஆனால் நீரின் தடை காற்றின் தடையைவிட மிக அதிகம். ஓவியர் கோட்டைத் திருத்தவேண்டியதில்லை. தடைவிசை மாறிலியைக் கூட்டினால் போதும், காற்றில் துள்ளிய அதே கோடு நீரில் மெதுவாக அமிழும்.

ஒரு நூலின் நுனியில் சிறு திருகு மரையைக் கட்டுங்கள். காற்றில் ஒருமுறை, வாளி நீருக்குள் ஒருமுறை ஆடவிட்டு, எத்தனை ஆட்டங்களில் நிற்கிறது என்று எண்ணுங்கள். அந்த வேறுபாட்டைத்தான் கணிப்பொறி ஓவியர் ஓர் எண்ணாக எழுதுகிறார்.